காணாமல் போன ஸ்டேஷனும் காலி அமரர் ஊர்தியும்

ஒரு ரயில்வே ஸ்டேஷனைத் திருட எத்தனை பேர் வேண்டும் என்று உதவியாளர் நுவாலா கேட்டாள். துப்பறிவாளர் கில்ஹூலி பதில் சொல்லவில்லை. அவர் வாய் நிறைய ஸ்கோன் ரொட்டி இருந்தது. வாயில் தீனியை வைத்துக்கொண்டு பேசுவதும் கையில் ஆதாரம் இல்லாமல் பேசுவதும் அவருக்குப் பிடிக்காது.

"ஒருத்தர் போதும் பாஸ்," என்று அவளே முடிவுக்கு வந்தாள். "ஸ்டேஷன் ஒரு பிரெட் பாக்கெட் நீளம்தானே."

அயர்லாந்தின் க்ளோனடாரா ஊரில், மாதா கோயிலின் பங்கு மண்டபம் முழுக்கக் குட்டி ரயில்கள். வருடாந்திர மாதிரி ரயில் கண்காட்சி. மேஜைக்கு மேஜை மலை, பாலம், சதுப்பு நிலம், அதன் நடுவே ஆரஞ்சும் கறுப்புமாகப் பூசிய இன்ஜின்கள். வழக்கமாக இந்த நேரத்துக்கு அவை கிணுகிணுவென்று ஓடிக்கொண்டிருக்கும். இன்று எல்லாம் நின்றிருந்தன. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் நடு மேஜையைச் சுற்றி நின்று, துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடு மேஜை மலாக்கி டூஹியுடையது. ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிவிட்டு ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஓய்வுக்குப் பிறகு, ஊரில் இப்போது இல்லாத ரயில் நிலையத்தை அப்படியே பலகையில் கட்டினார். நடைமேடை, சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, சந்தை நாளில் மாடு ஏற்றும் பட்டி வரைக்கும் எதையும் விடவில்லை. நடுவில் ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருந்த இரண்டு மாடி வீடு. அதன் சுண்ணாம்புக் கல் சுவரில் கல்லுக்குக் கல் கோடு கிழித்தது பல் குத்தும் கருவியால்தான். இன்று காலை அந்த வீடு இருந்த இடத்தில் வெறும் மரப்பலகை பல்லிளித்தது.

"விழுந்த பல்லு மாதிரி இருக்கு," என்றாள் நுவாலா. கில்ஹூலி ஒரு பார்வை பார்த்தார். மலாக்கி அழுகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தார்.

காரணம் இருந்தது. நிஜ வீட்டை, ரயில் பாதையை மூடியதுமே இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்த வீட்டு மாடி அறையில் பிறந்தவர் பிலோமினா ஸ்காஹில், கடைசி ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். கல்யாணமாகி பாஸ்டன் போனவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை. நீங்கள் பிறந்த வீட்டை உங்களுக்குக் காட்டுகிறேன் வாருங்கள் என்று மலாக்கிதான் எழுதி வரவழைத்திருந்தார். அந்த அம்மாள் நேற்றே வந்து இறங்கி, ஹோட்டலில் தூங்கி எழுந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் ரிப்பன் வெட்ட வருகிறார்.

"எண்பது வயசு பொம்பளை. கடலைத் தாண்டி வந்திருக்காங்க," என்றார் மலாக்கி. "நான் என்னத்தைக் காட்டறது, ஓட்டையையா?"

திருடியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. டோனல் க்ரீஹன். அவரும் இந்தக் கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் ரயில் பித்தர். தொழில், ஊருக்கே சவப்பெட்டி செய்து அடக்கம் நடத்துவது. இருவருக்கும் இருபது வருடப் பகை, எல்லாம் தண்டவாளத்தின் அகலத்தால் வந்தது. அயர்லாந்தின் ரயில் பாதை இங்கிலாந்துப் பாதையைவிட அகலம். கடையில் விற்கும் குட்டித் தண்டவாளமோ இங்கிலாந்து அளவைச் சுருக்கினால் வருவதைவிடவும் ஒடுக்கம். மலாக்கி கடைச் சரக்கை வாங்கிப் பதித்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தால் எவனுக்குத் தெரியும் என்பார். க்ரீஹன் கட்டைக்குக் கட்டை கையால் செதுக்கி, சரியான அகலத்துக்குப் பதித்துவிட்டு, கடவுளுக்குத் தெரியும் என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட இருவரும் கோயிலின் எதிரெதிர் ஓரங்களில்தான் மண்டியிடுவார்கள்.

இன்று க்ரீஹனின் மேஜை துணி மூடியபடி கிடந்தது. அடக்க வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் சங்கத்தைக் கூட்டி அந்தப் பெட்டிக்காரனை வெளியே தள்ளாமல் ஓயமாட்டேன் என்று மலாக்கி சபதம் செய்தார்.

கில்ஹூலி ஓட்டையின் பக்கத்தில் குனிந்தார். வீட்டுக்குள் விளக்கு எரிய வைத்திருந்த ஒயர்கள் பலகையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தன. பிய்த்த ஒயர்கள் இல்லை. ஈயப் பற்றைச் சூடுபடுத்திப் பக்குவமாகக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றியிருந்தது.

"ஷாக் அடிக்கக் கூடாதுன்னு கவலைப்படற திருடன்," என்றாள் நுவாலா. "இவனை மாதிரி நாலு பேர் இருந்தா ஊரு உருப்பட்டுரும்."

வேறு என்ன போயிற்று என்று கில்ஹூலி கேட்டார். மலாக்கி யோசித்துச் சொன்னார். வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த ஒரு சைக்கிள், கட்டைவிரல் நீளம்கூட இராது. அப்புறம், பலகையின் ஓரத்தில் குத்தி வைத்திருந்த பழைய போட்டோ. அந்த வீட்டின் போட்டோ என்று உலகத்தில் இருந்ததே அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் கட்டினார். குத்திய ஊசிகள் மட்டும் மிச்சம்.

பக்கத்துத் தண்டவாளத்தில், கையால் செய்த பித்தளை இன்ஜின் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. அதை விற்றால் ஒரு நல்ல பழைய கார் வாங்கலாம். திருடன் அதன் மேல் கைகூட வைக்கவில்லை. நகையை விட்டுவிட்டு நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கதை.

"வீடு, சைக்கிள், போட்டோ," என்றார் கில்ஹூலி. "போட்டோவுல என்னென்ன இருந்துச்சு?"

"வீடும் சைக்கிளும்தான்," என்றார் மலாக்கி.

நல்ல வேளை, போட்டோவின் நகல் அவர் போனில் இருந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். நடைமேடையிலிருந்து எடுத்த படம். நடுவில் இரண்டு மாடி வீடு, ஜன்னல்கள் இரு பக்கமும் ஒன்றுபோல. வலக்கோடியில் சிறகுபோல் ஒட்டிக்கொண்டு ஒரு தாழ்ந்த ஓட்டுக்கூரை அறை, அதன் மேல் புகைபோக்கி; அதுதான் சமையலறை. சுவரில் சாய்ந்த சைக்கிள் இடது பக்கம் பார்த்து நின்றது. பல்சக்கரமும் செயினும்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிவான படம். ஆள் இல்லை, ரயில் இல்லை. ஸ்டேஷன் பெயர்ப்பலகை படத்துக்குள் விழவில்லை.

"இதுல ஏதோ ஒண்ணு உறுத்துது பாஸ்."

"என்ன?"

"தெரியலை. செருப்புல கல்லு மாதிரி."

மண்டபத்துக்குள் யார் வந்தது என்பதை அறிய ஒரே வழி கன்செப்டா. அவர் இல்லாமல் அந்த மண்டபத்தில் டீயும் கிடையாது, சாவியும் கிடையாது. விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறையில் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் முற்றம் முழுக்கத் தெரியும். ரயில்காரர்கள் எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்த சமயம் அது.

யாரும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார் கன்செப்டா. வண்டி? வண்டியும் வரவில்லை. பால் வண்டி, தபால் வண்டி? எதுவுமே இல்லை. கில்ஹூலி ஆசாரி பலகையைத் தடவுவதுபோல் கேள்வியை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார். நுவாலா வேறு விதமாக வந்தாள்.

"கத்தியை எப்பவாவது கீழ வச்சீங்களா அத்தை?"

"ஒரே ஒரு தடவை. அமரர் ஊர்தி வந்துச்சு. சிலுவை போட்டுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சேன். எல்லாரும் செய்யறதுதானே."

"தலை குனிஞ்சப்ப என்ன பார்த்தீங்க?"

"என் செருப்பைத்தான். பெட்டி உள்ள போறதையும் வெளிய போறதையும் வாய் பார்க்கச் சொல்றியா? நான் அப்படி வளரலை."

கில்ஹூலி ஸ்கோனைத் தட்டில் வைத்தார். அவர் ஸ்கோனைப் பாதியில் வைத்தால் நுவாலாவுக்கு முதுகு நிமிரும்.

"யாருக்காக வந்த ஊர்தி?" என்று கேட்டார்.

கன்செப்டா வாயைத் திறந்தார். காலை ரேடியோவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். தினமும் காலைச் செய்தி முடிந்ததும் உள்ளூர் ரேடியோவில் இறந்தவர்கள் பெயரைப் படிப்பார்கள். கன்செப்டா அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கும் ஆப்பிள் கேக்கோடு போய் நிற்பவர்.

"நம்ம பங்குல இன்னிக்கு யாரும் சாகலையே தம்பி," என்றார் கடைசியில். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

காரில் போகும்போது நுவாலா ஊர்திக்காரரைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். ஊரில் எந்த வண்டியை நிறுத்தினாலும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இது ஒன்றைத்தான் பார்த்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். தன் அப்பாவின் சைக்கிள் கடைக்கு அப்படி ஒரு வண்டி இருந்தால் கடத்தல் சரக்கைப் பிடிக்கும் சுங்கத்துறைக்கு வேலையே இருக்காது என்றாள். கில்ஹூலி வேறு கணக்கில் இருந்தார். பகையில் திருடுகிறவன் உடைத்துப் போட்டுவிட்டுப் போவான். டேப் சுற்ற மாட்டான். விற்பதற்குத் திருடுகிறவன் இன்ஜினை விட மாட்டான்.

க்ரீஹனின் கடை முன்னறையில் மெழுகுப் பூக்களும் மரியாதையான நிசப்தமும் இருந்தன. பின்னாலிருந்து மெல்லிய ரம்பச் சத்தம் வந்தது.

"யாருமே சாகாத ஊருல யாருக்குப் பெட்டி அறுக்கறாரு?" என்று நுவாலா கிசுகிசுத்தாள்.

பட்டறைக் கதவை கில்ஹூலி தள்ளினார். உள்ளே நெட்டையான ஒரு மனிதர், கறுப்புக் கோட்டின் மேல் மரத்தூள் படிந்த ஏப்ரனும் நெற்றியில் பூதக் கண்ணாடியுமாகக் குனிந்திருந்தார். அவர் முன்னால் ஒரு சவப்பெட்டி மூடி. மூடியின் மேல் க்ளோனடாரா ஸ்டேஷன் வீடு. சமையலறைச் சிறகு தனியாக வெட்டிக் கிடந்தது. வீட்டின் வலப்பக்கம் பச்சை ரணமாக இருந்தது.

"கொலையே பண்ணிட்டீங்களா," என்றாள் நுவாலா.

"கதவைச் சாத்து. பசை காயலை. காத்து பட்டா வளையும்," என்றார் க்ரீஹன், தலையைத் தூக்காமல்.

கில்ஹூலி கதவைச் சாத்தினார். ஏன் என்று ஒரே வார்த்தையில் கேட்டார். க்ரீஹன் பூதக் கண்ணாடியை இறக்கி நுவாலாவை அளந்தார்.

"நீ சைக்கிள் கடை டானியன் பொண்ணுதானே?"

"ஆமா."

அவர் கோட்டுப் பையிலிருந்து காணாமல் போன போட்டோவை எடுத்து நீட்டினார். "அப்போ நீயே பார்த்துச் சொல்லு. எனக்கு நேத்து சாயங்காலம் ரொம்ப நேரம் ஆச்சு."

நுவாலா பார்த்தாள். போனில் பார்த்த அதே படம்தான், இப்போது பெரிதாக. வீடு, சுவர், சைக்கிள். சைக்கிளில் வந்து அவள் கண் நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சவப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பாஸ், எந்தக் கம்பெனி சைக்கிளா இருந்தாலும் செயின் வலப்பக்கம்தான். இந்தச் சைக்கிள் இடது பக்கம் பார்த்து நிக்குது. அப்போ நமக்குத் தெரியறது அதோட இடது பக்கம். அங்க செயின் வரவே கூடாது."

"வந்திருக்கே."

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துட்டான். படமே கண்ணாடியில பார்க்கற மாதிரி. சமையல்கட்டு வலது பக்கம் இல்லை பாஸ். இடது பக்கம்."

மலாக்கி தப்பான திசையில் ஒரு வீட்டைக் கட்டியிருந்தார், தத்ரூபமாக. சைக்கிளைக்கூட விடாமல், செயினை இடப்பக்கமே வைத்து. தண்டவாளத்தில் ஒரு ஆணி மாறினால் கண்டுபிடித்துவிடும் நாற்பது பேர் அந்தப் போட்டோவைப் பார்த்திருந்தார்கள். படத்தில் தண்டவாளம் இல்லாததால் ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

க்ரீஹன் பசைத் தூரிகையை எடுத்துக்கொண்டே மீதியைச் சொன்னார். நேற்று மாலை எல்லோரும் மேஜை போட்டுக்கொண்டிருந்தபோது, பல்புடுங்கியின் வேலையில் ஒரு பிழையாவது பிடித்துவிட வேண்டும் என்று பூதக் கண்ணாடியோடு போய் நின்றாராம். சைக்கிள் செயின் அகப்பட்டது; போட்டோவிலும் அப்படியே. இருபது வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கிளாஸ் விஸ்கி ஊற்றிக்கொண்டார். பாதி குடிக்கும்போதுதான் பிலோமினாவின் நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு விஸ்கி இறங்கவில்லை. முதல் வெளிச்சத்தில் பழைய ஸ்டேஷன் இருந்த வயலுக்குப் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தார். அஸ்திவாரக் கல் இன்னும் இருக்கிறது. சமையலறை இடப்பக்கம்தான்.

மலாக்கி இத்தனை வருடத்தில் அந்த வயலுக்குப் போனதே இல்லையா என்று கில்ஹூலி வியந்தார்.

"எப்படிப் போவான்? அது என் சித்தப்பா மகன் வயல். அனுமதி கேட்கணும்ல."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"இருபது வருஷமா நான் மழை வரும்னு சொன்னா அவன் குடையை வீட்டுல வச்சுட்டு வர்றான். நான் சமையல்கட்டு இடதுன்னு சொன்னா, வலப்பக்கம் இன்னொண்ணு சேர்த்துக் கட்டுவான். சொல்லிப் புரிய வைக்கறதைவிடத் திருடறது சுலபம்."

"சும்மா இருந்திருந்தா ஊர் முன்னாடி அவர் மூக்கு உடைஞ்சிருக்கும். உங்களுக்கு நல்லதுதானே?" என்று கில்ஹூலி விடவில்லை.

க்ரீஹன் சிறகை எடுத்து வீட்டின் இடப்பக்கத்தில் வைத்து, மூச்சை அடக்கி அழுத்தினார். "அவன் மூக்கை உடைக்கறதுன்னா நான்தான் உடைக்கணும். அந்தம்மா ஆசையா வந்து பார்த்து, இது எங்க வீடு இல்லையேன்னு சொல்லி உடைஞ்சா அதுல எனக்கென்ன பெருமை?" சற்று நிறுத்தி, "அவங்க என்ன பாவம் பண்ணாங்க," என்று முணுமுணுத்தார்.

சைக்கிளையும் செயின் மாற்றி வைத்திருந்தார். சிறகு பிடுங்கிய இடத்தில் பலகையில் வெள்ளைத் தழும்பு தெரியுமே என்று, அதை மூட ஒரு சின்ன முட்டைகோஸ் பாத்தியும் செய்து வைத்திருந்தார். பெட்டி செய்கிறவருக்கு அலட்டிக்கொள்ளாமல் ஓட்டை மறைக்கத் தெரியும்.

ஒரே சிக்கல், யார் கொண்டுபோய்க் கொடுப்பது. துப்பறிவாளரே கண்டுபிடித்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடட்டும், என் பெயர் வேண்டாம் என்றார் க்ரீஹன். உங்கள் பெயரைத்தான் சாயங்காலம் சங்கத்திலிருந்து வெட்டப் போகிறார்கள் என்றார் கில்ஹூலி. பேரம் நுவாலாவின் கைக்குப் போனது. பின் கதவு வழியாக வருகிறேன் என்றார் க்ரீஹன். முன் கதவு என்றாள். பக்கவாட்டுக் கதவு என்று இறங்கி வந்தார். முன் கதவு என்றாள். அவர் பெருமூச்சு விட்டார். அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வேண்டுமானால் ஊர்தியிலேயே வரலாம் என்றாள். பேரம் படிந்தது.

அமரர் ஊர்தி பங்கு மண்டபத்து வாசலில் நின்றபோது ஜனம் இரண்டாகப் பிரிந்து சிலுவை போட்டுக்கொண்டது. கன்செப்டா மட்டும் இந்தத் தடவை தலை குனியவில்லை. க்ரீஹன் வீட்டை இரு கையிலும் ஏந்தி உள்ளே வந்தார்.

"யோவ் பெட்டிக்காரா," என்று மலாக்கி பாய்ந்தார். அடுத்த நொடி இடம் மாறிய சிறகைப் பார்த்தார். "என்னய்யா பண்ணி வச்சிருக்கே."

க்ரீஹன் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். கில்ஹூலி குறுக்கே வந்தார்.

"டாக்டர், எக்ஸ்ரே ஃபிலிமைத் திருப்பி மாட்டிட்டா என்ன ஆகும்?"

"தப்பான பல்லைப் பிடுங்கிருவோம்," என்றார் மலாக்கி எரிச்சலாக. "அதுக்கென்ன இப்போ?"

கில்ஹூலி போட்டோவை நீட்டி, சைக்கிள் செயின் மேல் விரலை வைத்தார். மலாக்கி போட்டோவைப் பார்த்தார், திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமிருந்து பார்த்தார், ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வயலுக்குப் போய்ப் பார்த்தியா?" என்று க்ரீஹனைக் கேட்டார். இருபது வருடத்தில் திட்டாமல் கேட்ட முதல் கேள்வி.

"பார்த்தேன். இடதுதான்."

மலாக்கி தலையை ஆட்டினார். எழுந்து, இடுக்கியை எடுத்து, சமையலறைக்கு இடம் விட இடப்பக்கத்துப் புதர் ஒன்றைப் பல் பிடுங்கும் லாகவத்தோடு வேரோடு பிடுங்கினார். க்ரீஹன் வீட்டை இறக்கினார். பிறகு நடந்ததைப் பார்த்து சங்கத்துக்காரர்கள் தங்கள் கண்ணையே நம்பவில்லை. இருவரும் ஒரே பலகைமேல் குனிந்து, முட்டைகோஸ் அதிகம் பச்சை, ஒயரை அழுத்தாதே, உன் கை நடுங்குது, உன் மூளைதான் நடுங்குது என்று ஒருவரை ஒருவர் வைதுகொண்டே ஜோடித்தார்கள். பாத்தியின் கடைசி ஓரம் ஒட்டியபோது வாசலில் கார் நின்றது.

பிலோமினா ஸ்காஹில் ரிப்பனை வெட்டிவிட்டு நேரே நடு மேஜைக்கு வந்தார். ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து, நடைமேடை தன் கண் மட்டத்துக்கு வரும்வரை குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் கை எழுந்தது. தேடவில்லை, தயங்கவில்லை. விரல் இருட்டில் சொந்த வீட்டு விளக்கைப் போடுவதுபோல் நேரே இடக்கோடிக்குப் போய், சமையலறைக் கதவைத் தொட்டது.

மலாக்கி அந்த விரலைப் பார்த்தார். வலப்பக்கம் வெறும் சுவர். இன்று காலை வரை அங்கேதான் கதவு இருந்தது. அவர் மெல்லத் திரும்பி க்ரீஹனைப் பார்த்தார். க்ரீஹன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கட்டினது?" என்றார் பிலோமினா.

"நாங்க ரெண்டு பேரும்," என்றார் மலாக்கி.

க்ரீஹன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். ஏதோ சொல்ல வந்தார். நுவாலா அவர் காலை மிதித்தாள்.

"இந்தக் கதவைக் கொஞ்சம் திறக்க முடியுமா?" என்று பிலோமினா கேட்டார்.

கதவு திறக்கிற கதவில்லை. ஒட்டி, பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷும் பூசியது. அதைத் திறப்பதென்றால் உடைப்பது. மலாக்கி ஒரு கணமும் யோசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பல் குத்தும் கருவியை எடுத்து நிலையோரமாகச் செலுத்தி நெம்பினார். டிக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்தது. க்ரீஹன் பின்னாலிருந்து விளக்கைப் போட்டார்.

பிலோமினா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மலாக்கி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மன்னிச்சுக்குங்க. உள்ள எதுவும் செய்யலை," என்றார். "அடுப்பு, மேஜை, ஒண்ணும் இல்லை. வெறுமையா இருக்கு."

பிலோமினா நிமிர்ந்தார். கன்னம் நனைந்திருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"நாங்க ஒன்பது பிள்ளைங்க அந்தச் சமையல்கட்டுல," என்றார். "ஒரு நாளாவது இதை இப்படிக் காலியாப் பார்த்துரணும்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா."